ஆடும் புலியும் சமன்

ஒரு கரித்துண்டு போதும், களம் தயாராகிவிடும். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து அடிக்கோடு வரை விரிந்து இறங்கும் நான்கு கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டிப் போகும் மூன்று கோடுகள், அந்த மூன்றின் முனைகளையும் இரு பக்கமும் இணைக்கும் கோடுகள். சந்திப்புகளை எண்ணினால் 23 வரும். மூன்று புளியங்கொட்டைகள் புலிகள். பதினைந்து கூழாங்கற்கள் ஆடுகள். தருமபுரிப் பக்கத்துக் கோயில் மண்டபங்களிலும் ஊர்ச்சாவடிகளிலும் மேய்ச்சல் காட்டுப் பாறைகளிலும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்ட ஆடுபுலி ஆட்டத்தின் களம் இதுதான்.

புலி, பக்கத்துப் புள்ளியில் நிற்கும் ஆட்டைத் தாண்டி அப்பால் உள்ள காலி இடத்தில் குதித்தால் ஆடு வெட்டுப்படும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. தன் முதுகுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நிற்கும்படி பார்த்துக்கொண்டு புலியின் வழியை அடைப்பது மட்டுமே அதனால் ஆகும். மூன்று புலிகளும் அசைய இடமில்லாமல் முடங்கினால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. போதுமான ஆடுகள் வெட்டுப்பட்டால் புலிக்காரருக்கு வெற்றி. எத்தனை ஆடுகள் போனால் போதும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

உலகத்தின் பெரும்பாலான பலகை ஆட்டங்கள் இரு தரப்புக்கும் ஒரே படையைக் கொடுத்துத் தொடங்குகின்றன. ஆடுபுலி அப்படித் தொடங்குவதில்லை. பலமுள்ளவனும் பலமில்லாதவனும் ஒரே களத்தில் நின்றால் என்ன ஆகும் என்று முதல் காய் வைக்கும்போதே அது கேட்டுவிடுகிறது. சதுரங்கத்திலும் இதே கேள்வி உண்டு, ஆனால் அங்கே அது பலகைக்கு வெளியே இருக்கிறது. பதினாறுக்குப் பதினாறு என்று காய்கள் சமமாக நிற்கும். ஆடுகிறவர்கள் சமமாக இருப்பதில்லை. ஒருவர் உலகச் சாம்பியன், எதிரே பள்ளிக்கூடப் பையன். நான்கு மணி நேரம் கழித்து இருவரும் கைகுலுக்கி, முடிவுத் தாளில் ஆளுக்கு அரைப் புள்ளி எழுதுகிறார்கள். அந்த அரைப் புள்ளி யாருடைய சம்பாத்தியம்?

இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு முனை தகடூர் மண்ணில் இருக்கிறது.

தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்றொரு மரபையும் தன் எல்லைக்கு அப்பாலுள்ள நாடுகளின் வரிசையில் வைக்கிறது. சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பை என்ற ஊரில் கிடைத்த தமிழ்பிராமிக் கல்வெட்டு அந்த வாதத்துக்கு விடை தந்தது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி என்று அதில் பெயரே பொறித்திருக்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனாகத் தமிழர் அறிந்த அதியமான் அவனே.

அதியமானின் தகடூர் மூவேந்தர் நாடுகளோடு ஒப்பிட்டால் சிறிய நாடு. பெரிய படைகளுக்கு நடுவே நின்ற அந்தச் சிறிய நாட்டின் அரசன், தொண்டைமானிடம் ஔவையாரைத் தூது அனுப்பினான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அந்தத் தூதைச் சொல்கிறது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். எல்லா ஆயுதமும் எண்ணெய் பூசி, மாலை சூட்டி, பளபளப்பாக இருக்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. போரில் பழகிய வேல் எது, பழகாத வேல் எது என்று கேட்பவனுக்குப் புரியும்படி சொன்ன சொல் அது. படையின் அளவு மட்டும் பலமாகாது என்பதை ஒரு பெண்பாற் புலவர் அரசனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார்.

தகடூர் பின்னர் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் வீழ்ந்தது. 'தகடூர் எறிந்த' என்ற அடைமொழி அவன் பெயரோடு நிலைத்துவிட்டது. சமன் என்பது எப்போதும் கிடைத்துவிடுவதில்லை.

சங்க காலத்து ஆட்டக்களம் எப்படி இருந்தது என்பதற்கும் புறநானூற்றிலேயே சான்று உண்டு. அக்காலத்தில் 'வல்' என்றொரு ஆட்டம் இருந்தது. அதன் பலகையையும் காயையும் குறிக்கும் சொற்கள் எப்படிப் புணரும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் தனியாகவே விதி சொல்கிறது. காய்க்கு அன்றைய பெயர் 'நாய்'. இலக்கண நூல் விதி வகுக்கும் அளவுக்கு அந்த ஆட்டம் மக்கள் வாயில் புழங்கியிருக்கிறது. மருதன் இளநாகனார் பாடிய புறநானூறு 52ஆம் பாட்டில் இன்னும் தெளிவான காட்சி இருக்கிறது. பாண்டியனின் படையெடுப்பில் ஓர் ஊர் பாழாகிறது. அந்த ஊர்ப் பொதியிலில் நரைத்த முதியவர்கள் காய்களை வைத்து வைத்தே தரையில் குழிகள் விழுந்திருக்கின்றன. ஆடுவாரில்லாமல் போன அந்தக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. அதே பாட்டு, இரைதேடிக் குகையை விட்டுப் புறப்படும் ஒரு புலியோடு தொடங்குவதையும் கவனிக்க வேண்டும். புலி, முதியவர்கள், ஆட்டக்களம், பாழான மண்டபம் நான்கும் ஒரே பாட்டில் இருக்கின்றன.

தருமபுரி மக்களுக்குப் புலி வெறும் ஆட்டக்காய் அல்ல. மந்தையைக் காக்கப் புலியோடு போராடி மாண்டவர்களுக்கு எடுத்த கற்களைப் புலிக்குத்திக் கல் என்பார்கள். இந்த மாவட்டமும் இதைச் சுற்றியுள்ள நிலமும் நடுகற்களுக்குப் பேர்போனவை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் அவற்றை வரிசையாகப் பார்க்கலாம். கையில் ஈட்டியோ குறுவாளோ வைத்திருக்கும் ஒரு மனிதன், அவன் மேல் பாயும் புலி. அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கிறவருக்குப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் வேறு மாதிரி தெரியும். ஆட்டுக்காரன் புலியை மடக்கும் ஆட்டம், ஆடு மேய்த்தவர்கள் காட்டில் நிஜமாக எதிர்கொண்ட அச்சத்தைக் கோடுகளுக்குள் கொண்டுவந்த ஆட்டம்.

சதுரங்கத்துக்கு வருவோம். இந்தியாவில் பிறந்து பாரசீகம், அரபு நாடு வழியாக ஐரோப்பா போன அந்த ஆட்டத்தில் 'சமன்' என்ற முடிவு எளிதில் நிலைபெறவில்லை. ராஜாவுக்கு ஷா (செக்) இல்லை, ஆனால் நகர்த்த ஒரு காயும் இல்லை என்ற நிலையை இன்று ஸ்டேல்மேட் என்கிறோம். ஆளுக்கு அரைப் புள்ளி. ஒரு காலத்தில் இதன் பலன் நாட்டுக்கு நாடு மாறியது. இந்தியர்கள் இப்படி முடக்கப்பட்டவருக்கே வெற்றி தருகிறார்கள் என்று 9ஆம் நூற்றாண்டு அரபு ஆட்டக்காரர் அல் அத்லி எழுதியதாகச் சதுரங்க வரலாறு சொல்கிறது. அரபு முறையிலோ முடக்கியவருக்கு வெற்றி. 17ஆம், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எதிராளியை முடக்கியவருக்குத் தோல்வி. லண்டனில் ஜே. எச். சாரட் போன்றோரின் முயற்சியால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்கே அது சமனாயிற்று.

முடக்கப்பட்டவன் வென்றான் என்ற பழைய இந்திய வழக்கைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எல்லாக் காயும் கையில் இருந்தும் எதிராளிக்கு மூச்சுவிட இடம் தராமல் நெருக்கியது பலமுள்ளவரின் பிழை. அந்தப் பிழையின் பலன் பலவீனருக்கு. பிற்கால இந்திய முறைகளில் இந்த விதி மாறியது. பல வட்டாரங்களில் எதிராளியை அப்படி முடக்கும் நகர்த்தலையே செய்யக் கூடாது என்று வைத்தார்கள். எதிராளியின் காய்களையெல்லாம் வெட்டி ராஜாவைத் தனியே விட்டால் அது முழு வெற்றியாகாது, பாதி வெற்றிதான் என்ற வழக்கும் இருந்தது. அதனால் வலிமையான ஆட்டக்காரர் எதிராளியின் கடைசிச் சிப்பாயை வெட்டுவதற்கு முன் தயங்க வேண்டியிருந்தது. விதியே பலவீனருக்கு ஒரு கவசமாக இருந்த காலம் அது.

நாட்டு முறைச் சதுரங்கத்துக்கு வேறு அடையாளங்களும் உண்டு. சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டம்தான் போகும். ராஜாவுக்குக் கோட்டை கட்டிக்கொள்ளும் வசதி கிடையாது. பதிலாக ஒருமுறை குதிரை போலத் தாவலாம். இந்த முறையில் பழகியவர்கள் ஐரோப்பிய முறைக்கு மாறியபோது விதியும் தெரியாமல், புத்தகமும் இல்லாமல் எதிரே உட்கார வேண்டியிருந்தது.

அந்த மாற்றத்தின் பழைய சான்றுகள் சில தென்னாட்டாரின் பெயரில் கிடைக்கின்றன. 1814இல் பம்பாயில் ஒரு சதுரங்க நூல் ஆங்கிலத்தில் அச்சானது. சமஸ்கிருத மூலத்திலிருந்து ஐரோப்பிய முறைக்கு ஏற்ப மாற்றி மொழிபெயர்த்தவர் திருவேங்கடாச்சார்ய சாஸ்திரி. திருவேங்கடம் அவர் பெயரிலேயே இருக்கிறது. 1828இல் சென்னையும் ஐதராபாத்தும் தபால் வழியாக இரண்டு ஆட்டங்கள் ஆடின. சென்னைத் தரப்பின் ஆட்டத்தை வழிநடத்தியவர் குலாம் காசிம். மறு ஆண்டே அவரும் ஜேம்ஸ் காக்ரேன் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து அந்த ஆட்டங்களையும், மியூசியோ காம்பிட் என்ற தொடக்கத்தைப் பற்றிய ஆய்வையும் சென்னையில் நூலாக வெளியிட்டார்கள். அந்தத் தொடக்கத்தின் ஒரு கிளை இன்றும் காசிமின் பெயரால் வழங்குகிறது.

அதே குடும்பப் பெயர் கொண்ட இன்னொருவர் கல்கத்தாவில் இருந்தார். ஜான் காக்ரேன், ஸ்காட்லாந்துக்காரர், வழக்கறிஞர், அன்றைய வலிமையான ஆட்டக்காரர்களில் ஒருவர். ஊர்ப்புறத்தில் யாரிடமும் தோற்காத பிராமணர் என்று பேசப்பட்ட மகேஷ்சந்திர பானர்ஜி 1848இல் கல்கத்தா ஆட்டக்காரர்களின் கண்ணில் பட்டார். மகேஷ்சந்திரருக்கு ஐரோப்பிய விதிகள் அப்போது முழுதாகத் தெரியாது. காக்ரேனும் அவரும் பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். பெரும்பாலானவற்றில் காக்ரேனே வென்றார். ஆனால் மகேஷ்சந்திரர் நாட்டு முறைப் பழக்கத்தில் சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, ஓரத்திலிருந்து காய்களைக் கொண்டுவந்தார். 1855இல் அவர் ஆடிய ஓர் ஆட்டம், பின்னாளில் குரூன்ஃபெல்ட் தற்காப்பு என்று பெயர் பெற்ற தொடக்கத்தின் மிகப் பழைய பதிவாக இன்று எண்ணப்படுகிறது. உலகெங்கும் 'இந்தியத் தற்காப்பு' என்று வழங்கும் தொடக்கங்களின் பெயருக்கும் அவர் ஆட்டமே காரணம் என்பார்கள்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் திறமையில் பெரிய வித்தியாசம் இருந்தால், வலியவர் தன் காயைக் குறைத்துக்கொண்டு ஆடுவது வழக்கம். ஒரு சிப்பாய், ஒரு குதிரை, சில சமயம் ஒரு யானையையே எடுத்து வைத்துவிடுவார்கள். அமெரிக்காவின் பால் மார்ஃபி ஐரோப்பாவை வென்று திரும்பிய பிறகு, எதிராளிக்கு ஒரு சிப்பாயும் முதல் நகர்த்தலும் விட்டுக்கொடுத்தே ஆடுவேன் என்று அறிவித்தார். இப்படிக் கிடைக்கும் சமனில் அந்தக் குறைத்த காயின் பங்கும் இருக்கிறது. காக்ரேனிடமோ, பிறகு வந்த சாம்பியன்களிடமோ முழுப் படைக்கு எதிரே முழுப் படையோடு நின்று எடுத்த சமன் வேறு.

அதற்கு மிகச் சிறந்த உதாரணம் பஞ்சாபின் மிர் சுல்தான் கான். நாட்டு முறையில் வளர்ந்தவர். உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929இல் லண்டன் போனார். அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆண்டுகளிலும் அந்தப் பட்டத்தை வென்றார். தொடக்கங்களைப் புத்தகத்தில் படித்துப் பழகியவர் அல்லர். 1931இல் பிராகாவில் நடந்த ஒலிம்பியாட்டில் அன்றைய உலகச் சாம்பியன் அலெக்கைனுக்கு எதிராகச் சமன் செய்தார். நாட்டு விதிகளில் பழகி இரண்டு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறிய ஒருவர், உலகிலேயே மிக ஆழமாகத் தயார் செய்கிறவர் என்று பெயரெடுத்தவரிடம் தோற்காமல் எழுந்து வந்தார். அவருக்கு மரணத்துக்குப் பின் 2024இல்தான் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் தந்தது.

தமிழ்நாட்டில் இந்த வழியைத் திறந்தவர் மானுவேல் ஆரோன். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசியச் சாம்பியன். 1962இல் ஸ்டாக்ஹோமில் உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றில் 23 பேரில் ஒருவராக ஆடினார். பாபி ஃபிஷர் முதலிடம் பெற்ற அந்தப் போட்டியில் ஆரோனுக்குக் கிடைத்தது கடைசி இடம். ஆனால் அந்தக் கடைசி இடத்துக்காரர்தான் ஹங்கேரியின் போர்டிஷ், ஜெர்மனியின் உல்மான் என்ற இரு பெரிய கிராண்ட்மாஸ்டர்களை அங்கே வீழ்த்தினார். பட்டியலின் அடியில் இருப்பவருக்கு எதிரே அலட்சியமாக உட்கார முடியாது என்பதற்கு அந்த இரு ஆட்டங்களே சாட்சி. 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் அவர் தொடங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகினார்.

வலியவரும் எளியவரும் சந்திப்பது இன்று தற்செயலாக நடப்பதில்லை. போட்டி முறையே அவர்களைச் சேர்த்து வைக்கிறது. 1895இல் சூரிச்சில் முதன்முதலாகச் சதுரங்கத்தில் பயன்பட்ட சுவிஸ் முறையில், முதல் சுற்றில் வரிசையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் மோதும். நூறு பேர் ஆடினால் 1ஆம் எண்ணுக்கு எதிரே 51ஆம் எண். கல்யாண மண்டபத்தில் நடக்கும் மாவட்டப் போட்டியானாலும் ஒலிம்பியாட்டானாலும் இதுவே அடிப்படை. ஒலிம்பியாட் 1976இல் இந்த முறைக்கு மாறியது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆம் ஒலிம்பியாட்டிலும் இப்படித்தான் சிறிய தீவு நாடுகளின் அணிகள் வல்லரசு அணிகளுக்கு எதிரே உட்கார்ந்தன.

இந்த இடைவெளியை எண்ணாக்கியவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த ஆர்பாட் ஈலோ. அவருடைய கணக்கை ஃபிடே 1970இல் ஏற்றது. இருவரின் தரப்புள்ளி வித்தியாசத்தை வைத்து யாரிடம் எத்தனை புள்ளி எதிர்பார்க்கலாம் என்று அது சொல்லும். 400 புள்ளி வித்தியாசம் என்றால், வலியவர் பத்து ஆட்டங்களில் ஒன்பது புள்ளிக்கு மேல் எடுக்க வேண்டும். 2000 தரப்புள்ளி உள்ள ஒரு பள்ளி மாணவி, 2400 உள்ள சர்வதேச மாஸ்டரிடம் சமன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விகிதத்தில் அந்த ஓர் ஆட்டத்துக்கு மாணவிக்கு ஏறத்தாழ 17 புள்ளி கூடும். மாஸ்டருக்கு 4 புள்ளிக்குச் சற்று மேல் குறையும். முடிவுத் தாளில் இருவருக்கும் அரைப் புள்ளிதான். தரப்பட்டியலில் அந்த அரைகள் ஒரே எடை இல்லை.

எளியவர் எப்படிச் சமன் எடுக்கிறார்? முதல் வழி, தொடர்ந்து ஷா கொடுப்பது. எதிராளி வெல்லும் நிலையில் இருந்தாலும் தன் ராஜாவை மறைக்க இடமில்லாமல் இங்கும் அங்கும் நகர வேண்டியிருக்கும். ஒரே நிலை மூன்று முறை வந்தால் சமன் கேட்கலாம். இரண்டாவது, ஸ்டேல்மேட். மீதியிருக்கும் கடைசிக் காயையும் வேண்டுமென்றே வெட்டக் கொடுத்து, தான் நகர வழியில்லாத நிலையை வரவழைப்பது. மூன்றாவது, மூலைப் பாதுகாப்பு. எதிராளியிடம் ஒரு பிஷப்பும் ஓரச் சிப்பாயும் இருந்து, அந்தச் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டத்தை அந்த பிஷப்பால் தொட முடியாதென்றால், எளியவரின் ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்தால் போதும். யாராலும் அதைக் கிளப்ப முடியாது. நான்காவது, ஐம்பது நகர்த்தல் விதி. ஐம்பது நகர்த்தலுக்குள் எந்தக் காயும் வெட்டுப்படாமல், எந்தச் சிப்பாயும் நகராமல் இருந்தால் ஆட்டத்தைச் சமன் என்று கேட்கலாம். நான்கையும் தெரிந்து வைத்திருப்பவர் தோற்றுப்போன நிலையிலும் கடைசி வரை உட்கார்ந்திருப்பார். இது அதிர்ஷ்டம் அல்ல, பயிற்சி.

2004 மார்ச்சில் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் விரைவுச் சதுரங்கம். ஒரு பக்கம் 2831 தரப்புள்ளியோடு உலகப் பட்டியலின் முதலிடத்தில் இருந்த காஸ்பரோவ். மறுபக்கம் 2484 புள்ளியோடு நார்வேயின் 13 வயதுச் சிறுவன் மேக்னஸ் கார்ல்சன். 347 புள்ளி வித்தியாசம். ஈலோ கணக்கின்படி பத்து ஆட்டங்களில் காஸ்பரோவ் ஏறத்தாழ எட்டேமுக்கால் புள்ளி எடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் நல்ல நிலை சிறுவனிடம் இருந்தது. தப்பித்துச் சமன் எடுத்தவர் காஸ்பரோவ். இரண்டாம் ஆட்டத்தை வென்று அவர் அடுத்த சுற்றுக்குப் போனார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தை வென்று கார்ல்சன் உலகச் சாம்பியன் ஆனார். இன்னும் பத்தாண்டுகள் கழித்து கார்ல்சன் வலியவரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 2023 ஆகஸ்டில் பாகுவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 2835 புள்ளிக்கு எதிரே 2690 புள்ளி. எதிரே சென்னையின் 18 வயது பிரக்ஞானந்தா. முதல் இரு ஆட்டங்களும் சமன். விரைவு ஆட்டங்களில்தான் கார்ல்சனால் கோப்பையை எடுக்க முடிந்தது.

சமன் கேட்பதற்கென்று எழுதாத மரியாதை ஒன்றும் உண்டு. எளியவர் வலியவரிடம் வலியச் சமன் கேட்பது அழகல்ல என்று கருதுவோர் பலர். வலியவர் கேட்டால் அது எதிராளியின் ஆட்டத்துக்கு அவர் தரும் அங்கீகாரம். 2016இல் ரஷ்யத் தொலைக்காட்சியில் முன்னாள் உலகச் சாம்பியன் கார்ப்போவ், மூன்று வயதுச் சிறுவன் ஒருவனோடு கடிகாரம் வைத்து ஆடினார். நடுவில் சமனுக்குச் சம்மதமா என்று கேட்டார். சிறுவன் மறுத்தான். பிறகு நேரம் தீர்ந்து தோற்று அழுதான். அந்தக் குழந்தைக்கு அரைப் புள்ளியின் மதிப்பு இன்னும் தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்ட பெரியவர் அவனை ஓர் ஆட்டக்காரனாக நடத்தினார்.

இப்போது ஆடுபுலிக்குத் திரும்பலாம். நம் ஆட்டத்தின் நேபாளத்து உறவு 'பாக் சால்'. அங்கே ஐந்துக்கு ஐந்து என 25 புள்ளிகள், நான்கு புலிகள், இருபது ஆடுகள். ஐந்து ஆடுகள் வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு கணினி அறிஞர்கள் இந்த ஆட்டத்தைக் கணினியில் அலசி முடித்தார்கள். இரு தரப்பும் பிழையே செய்யாமல் ஆடினால் ஆட்டம் எப்படி முடியும் என்பது கேள்வி. கிடைத்த விடை: சமன். வெட்டும் பலம் முழுக்கப் புலிகளிடம். ஆடுகளிடம் எண்ணிக்கையும் பொறுமையும் மட்டும். இருந்தும் பிழையில்லாத ஆட்டத்தில் யாரும் யாரையும் வெல்வதில்லை. நம் முக்கோணக் களத்தில் புள்ளிகளும் படைகளும் வேறு என்பதால் அந்த முடிவை இங்கே அப்படியே வைக்க முடியாது. ஆனால் ஏற்றத்தாழ்வான இரு படைகளை மேய்ச்சல்காரர்கள் எந்தக் கணக்கும் எழுதாமல் ஆடி ஆடியே இத்தனை நுட்பமாக எதிரெதிரே நிறுத்தினார்கள். தமிழ் மண்ணின் பலகை ஆட்டங்களில் அது ஒரு பெரிய சாதனை.

  தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் அரசுப் பள்ளி மாணவர்கள் இன்று சதுரங்கப் பலகையைக் கையில் எடுக்கிறார்கள். 2013இல் தமிழக அரசு 7 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களுக்காகப் பள்ளிகளில் சதுரங்கத்தைத் தொடங்கியது. மாமல்லபுரம் ஒலிம்பியாட்டின்போது வேட்டி கட்டிய குதிரையான 'தம்பி' சின்னம் ஊரெல்லாம் தெரிந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனபோது, 14 ஆட்டங்களில் ஒன்பது சமனில் முடிந்திருந்தன. கிராமத்திலிருந்து போட்டிக்கு வரும் ஒரு பிள்ளை, முதல் சுற்றிலேயே நகரத்துப் பயிற்சி மையத்தின் முதல் எண்ணுக்கு எதிரே உட்காரும். அங்கே எடுக்கும் சமனைப் பெற்றோரும் ஆசிரியரும் 'ஜெயிக்கலையா?' என்ற ஒரு சொல்லால் கடந்துவிடக் கூடாது. அந்த ஆட்டத்தின் நகர்த்தல் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளையை உட்கார வைத்து அதை மறுபடி ஆடிக்காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்ய வேண்டியிருக்கிறது. ஊர்க்கோயில்களில் திருப்பணி நடக்கும்போது பழைய கருங்கல் தளத்தின் மேல் கிரானைட் பலகைகளைப் பதிக்கிறார்கள். முன்னோர் உளியால் செதுக்கி வைத்த ஆடுபுலிக் கோடுகளும் அதனடியில் போய்விடுகின்றன. மருதன் இளநாகனார் பார்த்த பாழ்மண்டபத்தில் குழிகளாவது எஞ்சியிருந்தன. உங்கள் ஊர் மண்டபத்திலோ சாவடியிலோ பாறையிலோ அந்த முக்கோணம் இருந்தால், தளம் மூடப்படுவதற்கு முன் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு தருமபுரி அகழ்வைப்பகத்துக்குத் தெரிவியுங்கள். அதில் ஆடிய முதியவர் இருந்தால் எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி, யாரும் வெல்லாவிட்டால் அந்த ஊரில் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.